ரூ.25 சம்பளம்... ரயில்வே வேலையை விட்டு டென்ட் தூக்கிய இளைஞர்! யார் இந்த சாமிக்கண்ணு வின்சென்ட்?

ஹாலிவுட் கௌபாய் படம்னு சொன்னாலே முதல்ல கண்ணுல வர்றது என்ன? குதிரை, தொப்பி, துப்பாக்கி. அடுத்தது கண்டிப்பா ரயில்தான். புகை கக்கிக்கிட்டு வர்ற இன்ஜின், அதைத் துரத்தும் கொள்ளைக் கூட்டம், வெறிச்சோடிக் கிடக்கும் ஸ்டேஷனில் யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கும் ஆட்கள்... இந்தக் காட்சிகள் இல்லாத வெஸ்டர்ன் படங்கள் குறைவு.

அந்த ஊரில் சினிமாவுக்குள் ரயில் ஓடியது. நம்ம ஊரில் நடந்தது வேற. இங்கே ரயிலில் ஏறித்தான் சினிமாவே ஊர் ஊராக வந்தது. அப்படிக் கொண்டு வந்தவர் ஒரு ரயில்வே ஊழியர். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். தமிழ் சினிமா வரலாற்றைப் படிப்பவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். படம் பார்ப்பவர்களில் பலருக்கு அவர் கதை தெரியாது. அது என்ன கதை? வாங்க பார்க்கலாம்.

சினிமாவுக்கும் ரயிலுக்கும் அப்படி என்ன உறவு?

சினிமா பிறந்ததுமே கேமரா முன்னாடி வந்து நின்றது ரயில்தான். பிரான்ஸைச் சேர்ந்த லூமியர் சகோதரர்கள் எடுத்த ஆரம்பகாலத் துண்டுப் படங்களில், ஸ்டேஷனுக்குள் ரயில் வந்து நிற்கும் படம் மிகப் பிரபலம். ஒரு நிமிடம்கூட ஓடாது. 1896 ஜூலை 7-ம் தேதி பம்பாய் வாட்சன் ஹோட்டலில், இந்தியாவின் முதல் சினிமா காட்சி நடந்தபோது திரையிட்ட படங்களில் அதுவும் ஒன்று. ரயில் தங்கள் மேலேயே ஏறிவிடும் என்று பயந்து மக்கள் எழுந்து ஓடியதாக ஒரு கதை உலகம் முழுக்க உண்டு. அது கொஞ்சம் ஊதிப் பெருக்கிய கதை என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

1903-ல் அமெரிக்காவில் எடிசன் கம்பெனி ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ படத்தை வெளியிட்டது. இயக்கியவர் எட்வின் எஸ்.போர்ட்டர். ஓடும் நேரம் சுமார் 12 நிமிடம். தந்தி ஊழியரைக் கட்டிப்போடுவது, ரயிலில் ஏறுவது, பயணிகளை இறக்கிக் கொள்ளையடிப்பது, இன்ஜினைக் கழற்றிக்கொண்டு தப்பிப்பது, பின்னால் குதிரையில் துரத்தல் என்று அந்த 12 நிமிடத்துக்குள் எல்லாமே இருக்கும். வெஸ்டர்ன் படங்களுக்கான ஃபார்முலாவைப் போட்டுக் கொடுத்ததே இந்தப் படம்தான். இதில் ஒரு வேடிக்கை, படம் எடுக்கப்பட்டது மேற்கு அமெரிக்காவில் இல்லை. கிழக்கே நியூயார்க் பக்கத்தில் இருக்கும் நியூ ஜெர்சியில்!

அதற்குப் பிறகு 1924-ல் ஜான் ஃபோர்டின் ‘தி அயர்ன் ஹார்ஸ்’, 1939-ல் ‘யூனியன் பசிபிக்’, 1952-ல் ‘ஹை நூன்’, 1968-ல் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ என்று வரிசையாக ரயில் வந்துகொண்டே இருந்தது. 1975-ல் ‘ஷோலே’ படத்தில் வரும் ரயில் சண்டைக்கும் வேர் அங்கேதான். தமிழில் 1972-ல் வந்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ மாதிரியான ஜெய்சங்கர் படங்களில் குதிரையும் துப்பாக்கியும் வந்ததும் அந்தப் பாதிப்பில்தான்.

ஏன் ரயில்? காரணம் சிம்பிள். ரயில் வந்தால் ஊர் மாறும். புது ஆள் வருவான், பணம் வரும், போலீஸ் வரும், பிரச்சினையும் வரும். அந்தப் படங்களில் ரயில் என்பது வெறும் வண்டி இல்லை, ஊரின் தலையெழுத்து.

நம்ம ஊரில் ரயில் எப்படி வந்தது?

அமெரிக்காவில் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை முடிந்தது 1869-ல். அதற்கு எட்டு வருஷம் முன்னாடியே காவிரி டெல்டாவில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1861-ல் நாகப்பட்டினம் முதல் திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் வரை, 1862-ல் திருச்சி வரை. போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி. துறைமுகத்தையும் நெல் விளையும் பூமியையும் இணைப்பதுதான் கணக்கு.

1874-ல் இந்தக் கம்பெனி, கர்நாடிக் ரயில்வேயுடன் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. சென்னையிலிருந்து சிதம்பரம், சீர்காழி, மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் மெயின் லைன் வளர்ந்தது.

வெஸ்டர்ன் படங்களில் ரயில் வந்த பிறகுதான் ஊர் முளைக்கும். டெல்டாவில் தலைகீழ். ஊர்கள் ஆயிரம் வருஷத்துக்கும் முந்தியவை, ரயில்தான் புதுசு. ரயில் எந்த ஊருக்கு வந்தது, எந்த ஊரை விட்டுவிட்டது என்பதில்தான் மாற்றம் தெரிந்தது. சோழர்களின் பழைய துறைமுகமான பூம்புகாருக்கு ரயில் வரவே இல்லை. 1926-ல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப் பாதை போட்டார்கள். அதுவும் பூம்புகாரைத் தொடவில்லை, 1986-ல் நின்றும் போனது. இன்றைக்கும் பூம்புகாருக்கு ரயிலில் வருகிறவர்கள் சீர்காழியிலோ மயிலாடுதுறையிலோ இறங்கி, பஸ் பிடித்துத்தான் வர வேண்டும்.

இந்த ரயில்வேயில்தான் நம்ம கதாநாயகன் வேலைக்குச் சேர்ந்தார்.

யார் இந்த வின்சென்ட்?

சாமிக்கண்ணு வின்சென்ட் பிறந்தது 1883 ஏப்ரல் 18-ல், கோயம்புத்தூர் கோட்டைமேட்டில். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. சம்பளம் மாதம் 25 ரூபாய். அந்தக் காலத்துக்கு அது நிம்மதியான உத்தியோகம். ரயில்வே உத்தியோகம் என்றால் ஊரில் தனி மரியாதை வேறு. அப்படியே இருந்திருந்தால் வரைபடம் போட்டு, பதவி உயர்வு வாங்கி, ஓய்வு பெற்றிருப்பார். அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

1905-ல் எல்லாம் மாறியது. டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு புரொஜெக்டரையும் சில படச் சுருள்களையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டி வந்தார். திருச்சிக்கு வந்த இடத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சொந்த நாட்டுக்குத் திரும்ப முடிவெடுத்தார். கருவிகளை என்ன செய்வது? விற்றுவிட வேண்டியதுதான்.

வாங்க முன்வந்தவர் 22 வயது வின்சென்ட். விலை 2,000 ரூபாய்க்குக் குறையாது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. மாதம் 25 ரூபாய் வாங்குகிறவருக்கு 2,000 ரூபாய் என்றால் 80 மாதச் சம்பளம். ஒரு பைசாகூட செலவு பண்ணாமல் சேர்த்தாலும் ஆறரை வருஷத்துக்கு மேல் ஆகும். எப்படியோ அந்தப் பணத்தைப் புரட்டினார், கருவிகளை வாங்கினார், நிரந்தர வேலையை விட்டார்.

இதில் இருந்த ரிஸ்க் என்ன என்று இன்று யோசிப்பது கஷ்டம். 1905-ல் சினிமா ஒரு தொழிலே கிடையாது. தமிழ்நாட்டில் நிரந்தர தியேட்டர் கிடையாது. இந்தியாவில் கதைப் படம் எடுக்கும் கம்பெனி கிடையாது. பால்கேவின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வருவதற்கே இன்னும் எட்டு வருஷம் இருந்தது. மிஷின் ரிப்பேர் ஆனால் சரி செய்ய ஆள் தேட வேண்டும். படச் சுருள்கள் நைட்ரேட் ஃபிலிம், தீப்பிடித்தால் எல்லாம் காலி. அத்தோடு முதலீடும் காலி.

டென்ட் சினிமா எப்படி வேலை செய்தது?

வின்சென்ட் வாங்கியதில் முக்கியமான படம், ஏசு கிறிஸ்துவின் வாழ்க்கையைச் சொல்லும் ஊமைப்படம். அதனுடன் சின்னச் சின்னத் துண்டுப் படங்கள். இதை வைத்துக்கொண்டு ஒரு கூடாரம் அடித்துத் தொழிலை ஆரம்பித்தார். கம்பெனிக்கு அவர் வைத்த பெயரில் எடிசனும் இருந்தார். அன்றைக்கு எடிசன் என்றாலே அறிவியல் அதிசயம் என்று அர்த்தம். அமெரிக்காவில் ரயில் கொள்ளைப் படம் எடுத்த அதே எடிசனின் பெயர், தமிழ்நாட்டில் ஒரு டென்ட் வாசலில் கூட்டம் சேர்த்தது.

அந்தக் காலத்து டென்ட் சினிமா எப்படி நடந்தது?

* பொட்டல் மைதானத்தில் கூடாரம் அடிப்பார்கள். உள்ளே வெள்ளைத் துணி கட்டினால் அதுதான் திரை.

* பல ஊர்களில் மின்சாரம் இல்லாததால் விளக்குக்கான ஏற்பாட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் சூடேற்றி வெளிச்சம் வரவைக்கும் முறை அப்போது பழக்கத்தில் இருந்தது. பிறகு ஜெனரேட்டர் வந்தது.

* புரொஜெக்டரைக் கையால் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள், குறைந்தால் ஊர்ந்து போவார்கள்.

* படத்துக்குச் சத்தம் கிடையாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். பாதிப் பேர் படத்தைப் பார்க்க வருவார்கள், மீதிப் பேர் அவர் பேச்சைக் கேட்க வருவார்கள்.

* கூட்டம் குறைய ஆரம்பித்தால் கூடாரத்தைப் பிரிக்க வேண்டும். படங்கள் கொஞ்சம்தான் என்பதால் ஒரே ஊரில் ரொம்ப நாள் தங்க முடியாது.

கடைசி விஷயம்தான் முக்கியம். படத்தை மாற்ற முடியாது, அதனால் ஊரை மாற்ற வேண்டும். அதற்கு ரயில் வேண்டும். மாட்டு வண்டியில் இந்தச் சாமான்களை ஏற்றிக்கொண்டு எத்தனை ஊர் போக முடியும்? கூடாரத் துணி, மரக்கழிகள், மிஷின், படப்பெட்டி எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றினால் அடுத்த ஜில்லா ஒரே ராத்திரி தூரம்தான். எந்த லைன் எங்கே போகிறது, எந்த ஜங்ஷனில் மாற வேண்டும் என்பதெல்லாம் ரயில்வேயில் வேலை பார்த்தவருக்குப் புதுசு இல்லையே!

திருச்சியில் தொடங்கியவர் எங்கே வரை போனார்?

திருச்சியில் தொடங்கிய பயணம் லக்னோ, லாகூர், பெஷாவர் வரை போனது. இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மூலை! தென்னிந்திய ரயில்வேயின் பெரும்பாலான பாதைகள் மீட்டர் கேஜ். வடக்கே போகும் முக்கியப் பாதைகள் பிராட் கேஜ். பாதை மாறும் இடத்தில் அத்தனை சாமான்களையும் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். மொழி தெரியாத ஊர்களில் இடம் பிடிக்க வேண்டும், கூட்டம் சேர்க்க வேண்டும். ஊமைப்படம் என்பதால் மொழிப் பிரச்சினை பாதி தீர்ந்தது. கதை சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் போதும்.

பர்மா, மலாயா, சிங்கப்பூர் பக்கமும் அவருடைய காட்சிகள் நடந்தன. இந்த ஊர்களுக்கும் டெல்டாவுக்கும் பழைய உறவு உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போன தஞ்சை ஜில்லாக்காரர்கள் ஏராளம்.

1909-ல் சென்னை எஸ்பிளனேடு பகுதியில், இன்றைய பாரிமுனைக்குப் பக்கத்தில் டென்ட் போட்டார். நல்ல வரவேற்பு. அங்கே அவர் இன்னொரு வேலையும் செய்தார். பிரான்ஸின் பதே கம்பெனி புரொஜெக்டர்களை விற்க ஆரம்பித்தார். தன்னைப் போலவே வேறு பலரும் படம் காட்டும் தொழிலுக்குள் வர அது வழி திறந்தது. போட்டியாளர்களுக்குத் தானே மிஷின் விற்ற வியாபாரி என்று வைத்துக்கொள்ளலாம்.

டென்ட்டில் இருந்து தியேட்டர்

ஊர் ஊராகச் சுற்றியவர் கடைசியில் சொந்த ஊரில் கால் ஊன்றினார். 1914-ல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ கட்டினார். பெயருக்கு ஏற்ற மாதிரி சினிமா, நாடகம் என்று எல்லாத்துக்குமான இடம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தணும். தென்னிந்தியாவின் முதல் தியேட்டர் இதுதான் என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி பகிர்வதைப் பார்க்கலாம். அது முழுக்கச் சரியில்லை. சென்னையில் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் 1913-லேயே எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கிவிட்டார். ரகுபதி வெங்கய்யாவின் கெயிட்டி தியேட்டரும் 1914-ல் வந்ததுதான். ஆனாலும் சென்னைக்கு வெளியே, இந்தியர் ஒருவர் கட்டிய ஆரம்பகால நிரந்தர தியேட்டர்களில் வெரைட்டி ஹாலுக்கு முக்கிய இடம் உண்டு என்பதில் சந்தேகமில்லை.

தியேட்டருக்குக் கரன்ட் வேண்டும். கோவைக்குப் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தது 1930-களில்தான். அதுவரை காத்திருக்க முடியுமா? சொந்த ஜெனரேட்டரை வைத்து ஓட்டினார். சினிமா ஓடாத நேரத்தில் கரன்ட் சும்மா இருக்கக் கூடாது என்று அச்சகமும் மில்லும் அதே மின்சாரத்தில் நடத்தினார். படம் காட்டப் போனவர் ஊருக்கு மின்சார மிஷின்களை அறிமுகப்படுத்தியவராகவும் ஆனார்.

பேசும் படத்தில் ஒரு டெல்டா தொடர்பு

1931 அக்டோபரில் முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’ வந்தது. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி, தஞ்சாவூர் பக்கம் திருவையாறைச் சேர்ந்தவர். ஊமைப்படத்தை நம்பியிருந்த தியேட்டர்காரர்கள் எல்லோருக்கும் அது சோதனைக் காலம். சவுண்ட் கருவிக்குப் பணம் போட வேண்டும், இல்லாவிட்டால் கடையைக் கட்ட வேண்டும்.

வின்சென்ட் ஒரு படி மேலே போனார். படம் காட்டினால் மட்டும் போதாது, எடுக்கவும் வேண்டும் என்று முடிவு செய்தார். கல்கத்தாவின் பயனீர் ஃபிலிம் கம்பெனியுடன் சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ படத்தைத் தயாரித்தார். 1933-ல் வெளியான அந்தப் படத்தின் நாயகியும் அதே டி.பி.ராஜலட்சுமிதான். இயக்கம் பி.வி.ராவ். நாடக மேடையில் மக்கள் ஏற்கனவே கொண்டாடிய கதை என்பதால் வசூலிலும் படம் ஜெயித்தது.

எதுக்குக் கல்கத்தா? அப்போது சென்னையில் பேசும் பட ஸ்டுடியோவே கிடையாது. முதல் ஸ்டுடியோ வந்ததே 1934-ல்தான். அதுவரை தமிழ்ப் படம் எடுக்க பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏறியாக வேண்டும். நடிகர்கள், பாடகர்கள், வாத்தியக்காரர்கள் என்று மொத்தக் குழுவும் நாள்கணக்கில் பயணம் செய்யும். தமிழ் பேசும் படத்தின் முதல் சில வருஷங்களில் படச் செலவோடு ரயில் செலவும் சேர்ந்தே வந்தது.

இந்த அலைச்சலுக்கு முடிவு கட்ட 1930-களின் நடுவில் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் உருவானது. அதைத் தொடங்கியவர்களில் வின்சென்ட்டும் ஒருவர்.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

1942 ஏப்ரல் 22-ல், 59 வயதில் வின்சென்ட் காலமானார். அவர் பங்கெடுத்து உருவாக்கிய ஸ்டுடியோவின் நல்ல காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. மாயவரத்தில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘சிவகவி’ 1943-ல் அங்கிருந்து வந்தது. எம்.ஜி.ஆர் முதன்முதலாக நாயகனாக நடித்த, மு.கருணாநிதி வசனத்தில் பங்களித்த ‘ராஜகுமாரி’ 1947-ல் அங்கே உருவானது. திருக்குவளையிலிருந்து வந்த அதே கருணாநிதி பின்னாளில் 1964-ல் ‘பூம்புகார்’ படத்துக்குக் கதை வசனம் எழுதினார். கண்ணகியின் ஊருக்கு ரயில் போகவில்லை என்றாலும், அந்த ஊர் சினிமாவுக்குள் வந்துவிட்டது.

டென்ட்? அதுவும் சாகவில்லை. பேசும் படம் வந்ததும் ‘டூரிங் டாக்கீஸ்’ ஆனது. தற்காலிக உரிமம், கீற்றுக் கொட்டகை, தரை டிக்கெட், மணலைக் குவித்து மேடு கட்டி உட்காரும் கூட்டம்... அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில் டெல்டா கிராமங்களின் பெரிய பொழுதுபோக்கு அதுதான். டிவி வீட்டுக்குள் வரும் வரை அந்த ஆட்சி நீடித்தது.

வெரைட்டி ஹால் பின்னாளில் ‘டிலைட்’ தியேட்டர் ஆனது. வயதாகி, மூடி, கடைசியில் இடிக்கப்பட்டும் விட்டது. ‘வள்ளி திருமணம்’ படமும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த இந்தக் கதைக்குச் சாட்சியாகக் கையில் தொட்டுப் பார்க்க மிஞ்சியது ரொம்பக் குறைவு. பழைய கட்டடங்களையும் படச் சுருள்களையும் பாதுகாப்பதில் நாம் எவ்வளவு பின்தங்கி இருக்கிறோம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஹாலிவுட் வெஸ்டர்ன்களில் ரயிலைக் கொள்ளையடித்தவன், ரயிலைக் காப்பாற்றியவன் என்று நாயகர்கள் பல பேர். அவை பெரும்பாலும் கற்பனை. ரயில் பாதையையே தன் தியேட்டர் பாதையாக மாற்றிய வின்சென்ட்டின் கதை நிஜம். அரசாங்கமோ பெரிய முதலாளியோ அவருக்குப் பின்னால் இல்லை. ஆறரை வருஷச் சம்பளத்தை ஒரு மிஷின் மேல் வைத்த 22 வயது இளைஞர், அவ்வளவுதான்.

கோவை டவுன்ஹால் பக்கம் போனால் ஒரு போர்டைக் கவனிங்க. தியேட்டர் போய்விட்டது, ஆனால் தெருவுக்குப் பெயர் இன்னும் ‘வெரைட்டி ஹால் ரோடு’தான்.